சேற்றிலிருந்து பட்டியல் வரை: கண்டல் கரையில் புதிய பாக்டீரியா தேடுவது

முட்டுக்காட்டுக் கழியிலோ கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்து உப்பங்கழியிலோ ஒரு கிராம் சேறு எடுத்தால், அதில் பத்துக் கோடியிலிருந்து நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். கடலோரப் படிவுகளில் உலகெங்கும் காணும் அளவு இது. நம் கரைக்கென்று தனிச் சிறப்பு கிடையாது. இதற்கு எதிரே, முறைப்படி பெயர் சூட்டி ஏற்கப்பட்ட பாக்டீரியா, ஆர்க்கியா இனங்கள் உலகம் முழுவதற்கும் சேர்த்தே இருபதாயிரத்துக்குச் சற்று மேல்தான். மொத்தம் எத்தனை இனங்கள் இருக்கலாம் என்று கணக்கிட்டவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. 2016இல் வந்த ஒரு கணக்கு, பூஞ்சை முதலானவற்றையும் சேர்த்து, நுண்ணுயிர் இனங்கள் ஒரு லட்சம் கோடி இருக்கும் என்றது. 2019இல் வந்த இன்னொரு கணக்கு பாக்டீரியாவும் ஆர்க்கியாவும் 8 முதல் 16 லட்சம் என்று சுருக்கிவிட்டது. இரண்டுக்கும் இடையே சுமார் பத்து லட்சம் மடங்கு வேறுபாடு. ஒரு துறையில் அடிப்படை எண்ணிலேயே இவ்வளவு இடைவெளி இருந்தால், இனம் என்று எதைச் சொல்வது என்பதே அங்கே இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

ஆகவே கண்டல் சேற்றில் புதிய பாக்டீரியா ஒன்றை எதிர்கொள்வது பெரிய காரியமே இல்லை. ஒவ்வொரு கைப்பிடிச் சேற்றிலும் பெயரில்லாதவைதான் அதிகம். அது புதியதுதான் என்று நிறுவி, வகைப்படுத்தி, பெயரிட்டு, உயிரோடு பாதுகாத்து, வேறு நாட்டு ஆய்வாளர் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் வேலை. நம் கடற்கரை நுண்ணுயிர் ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த வேலையின் முதல் படியைத் தாண்டுவதில்லை என்பது என் கணிப்பு. அதற்கான காரணங்கள் பாதி ஆய்வகத்திலும் பாதி சட்டப் புத்தகத்திலும் இருக்கின்றன.

முதலில் இடம். செங்கல்பட்டு மாவட்டம் 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தபோது கடற்கரை முழுவதும் புதிய மாவட்டத்தின் பங்குக்கு வந்தது. வடக்கே முட்டுக்காடு, கோவளம். நடுவே நெம்மேலி, மாமல்லபுரம், கொக்கிலமேடு. தெற்கே கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், பாலாறு கடலைத் தொடும் வாயலூர்ப் பக்கம். அதற்கும் கீழே முதலியார்குப்பம், ஓதியூர்க் கழி. இவற்றின் முதுகுப்புறத்தில் கரைக்கு இணையாக மரக்காணம் நோக்கி ஓடுகிறது பக்கிங்காம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டியது. சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டு 1877-78 பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. படகுகள் போய்விட்டன. ஆனால் தனித்தனியாக இருந்திருக்க வேண்டிய கழிகளை அது ஒரே நீர்ச் சரடில் கோத்துவிட்டது. ஒரு கழியில் சேரும் கழிவு அடுத்த கழிக்கும் போகிறது, பாக்டீரியாக்களும் போகின்றன.

பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அடர்ந்த அலையாத்திக் காடு இங்கே இல்லை. கழியோரத்தில் திட்டுத்திட்டாக வெண்கண்டல், இடையில் உமரி, நட்டு வளர்க்கும் சில பகுதிகள், அவ்வளவே. தமிழ்நாட்டின் மொத்தக் கண்டல் பரப்பே, 2021 வன அறிக்கைப்படி, சுமார் 45 சதுர கிலோமீட்டர். இந்தியா முழுவதற்கும் ஏறக்குறைய 4,990. இந்தக் கணக்கில் மாமல்லபுரக் கரைக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது. ஆனால் நுண்ணுயிரியலாளர் பார்வையில் சின்னத் திட்டு ஒன்றும் குறைந்ததில்லை. இங்கே காட்டின் அளவைவிட நீரின் ஏற்ற இறக்கம்தான் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் முகத்துவாரத்தை உடைத்துத் திறக்கும். கழி நீர் ஏறத்தாழ நன்னீராகிவிடும். மழை ஓய்ந்து ஓட்டம் குறைந்தால் கடல் மணலைத் தள்ளி வாயை அடைக்கப் பார்க்கும். கோடையில் அடைபட்ட நீர் ஆவியாக, உப்பு கடலையே மிஞ்சும். ஒரே சேற்றில் குடியிருக்கும் உயிர் ஓராண்டுக்குள் இத்தனையையும் தாங்க வேண்டும்.

சேற்றுக்குள்ளேயே இன்னொரு அடுக்கு உலகம். மேலே சில மில்லிமீட்டர் வரைதான் ஆக்சிஜன் இறங்குகிறது. நண்டு வளையும் கண்டலின் வேரும் அதைக் கொஞ்சம் உள்ளே கொண்டுபோகலாம். அதற்குக் கீழே வாழ்பவை வேறு எதையாவது சுவாசித்தாக வேண்டும்: நைட்ரேட், இரும்பு, மாங்கனீஸ், கடைசியில் சல்பேட். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் கரைந்திருக்கிறது. பஞ்சமே இல்லாத சரக்கு. டெசல்ஃபோவிப்ரியோ போன்ற சல்பேட் ஒடுக்கிகள் உதிர்ந்த இலையை அழுகச் செய்து ஹைட்ரஜன் சல்ஃபைடு விடுகின்றன. அது இரும்போடு சேர்ந்தால் இரும்பு சல்ஃபைடு. கழிச் சேறு கறுப்பாக இருப்பதும் காலை வைத்தவுடன் அழுகின முட்டை வாடை வருவதும் இதனால்தான். கடலோரப் படிவுகளில் சிதையும் கரிமப் பொருளில் பாதியளவு இந்தச் சல்பேட் வழியாகத்தான் சிதைகிறது. வெளிச்சம் படும் மேல்விளிம்பில் அதே சல்ஃபைடை உண்டு ஒளிச்சேர்க்கை நடத்தும் ஊதா நிற பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு சாண் ஆழத்துக்குள் சுவாச முறை நாலைந்து தடவை மாறுகிறது. ஆகவே 'கண்டல் சேற்றில் எடுத்தது' என்று மட்டும் ஓர் ஆய்வு சொன்னால் அது கிட்டத்தட்ட ஒன்றுமே சொல்லவில்லை. எந்த ஆழம், எந்த மாதம், முகத்துவாரம் திறந்திருந்ததா, உப்பு எவ்வளவு, எந்தச் செடியின் வேருக்கு எவ்வளவு பக்கம் என்பதெல்லாம் இல்லாமல் கிடைத்த உயிரின் வாழ்க்கையை ஊகிக்க முடியாது.

வழக்கமான முறை எளிது. சேற்றை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, கடல்நீரிலோ உப்புக் கரைசலிலோ பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்து, பெட்ரித் தட்டில் பரப்பி இன்குபேட்டரில் வைப்பது. தட்டில் பெரும்பாலும் சோபெல் அகார் இருக்கும். கடல் நுண்ணுயிரியலின் முன்னோடி கிளாட் சோபெல் பெயரால் வழங்கும் ஊடகம் அது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் பேரினத்தைத் தேடுபவர் மாவுச்சத்தும் கேசீனும் கலந்த அகாரைப் பயன்படுத்தி, பூஞ்சை வராமல் நிஸ்டாடின், சைக்ளோஹெக்ஸிமைடு சேர்ப்பார். இரண்டாம் நாள் காலனிகள் முளைக்கும். நிறமும் வடிவும் வேறுபட்டவற்றை லூப்பால் எடுத்துத் தனித்தனியாகக் கீறி வளர்த்தால் தூய வளர்ப்பு தயார்.

சிக்கலும் இங்கேயே தொடங்குகிறது. நுண்ணோக்கியில் எண்ணினால் கோடிகள். தட்டில் எண்ணினால் அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஸ்டேலியும் கொனோப்காவும் 1985இலேயே இதைத் துறையின் பெரிய முரண்பாடு என்று எழுதினார்கள். சத்து நிறைந்த தட்டில் வேகமாக வளர்பவைதான் முளைக்கின்றன: பேசில்லஸ், விப்ரியோ, சூடோமோனஸ், மறுபடியும் பேசில்லஸ். மெதுவாக வளர்பவை, ஆக்சிஜன் பட்டால் சாகிறவை, பக்கத்து உயிர் தரும் ஏதோவொரு பொருளை நம்பி வாழ்பவை வெளியே வருவதே இல்லை. எல்லாரும் அதே அகாரை அதே 28 டிகிரியில் அதே இரண்டு நாள் வைத்தால், எல்லாக் கழியிலும் அதே பட்டியல்தான் வரும்.

இதில் மருந்தாசையும் சேர்ந்துகொண்டது. 1943இல் மண்வாழ் ஸ்ட்ரெப்டோமைசிஸிடமிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து மண்ணுக்குள் மருந்து இருக்கும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கப் பரவியது. நிலத்து மண் சலித்தபின் கண்டல் சேற்றுக்கு வந்தது. அந்த நம்பிக்கை வீண் என்று சொல்ல மாட்டேன். சீனத்தில் கண்டல் படிவிலிருந்து 2009இல் பெயர் பெற்ற ஸ்ட்ரெப்டோமைசிஸ் சியாமெனென்சிஸ், மலேசியக் கண்டல் மண்ணிலிருந்து 2014இல் வந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் புளூரிபோட்டென்ஸ் இரண்டும் அந்தத் தேடலில் கிடைத்தவைதான். ஆனால் அவர்கள் உயிரை அடையாளம் காண்பதையும் மருந்தைத் தேடுவதையும் ஒருசேரச் செய்தார்கள். நம் பக்கத்தில் நூறு காலனி எடுத்து, நாலு நோய்க்கிருமிக்கு எதிராகச் சோதித்து, அதிகம் தடுத்த ஒன்றுக்கு மட்டும் மரபணு வரிசை பார்த்து, 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனம், எண் இன்னது' என்று எழுதி முடிக்கும் ஆய்வேடுகளே அதிகம். அந்த மாணவர் வேலைக்குப் போன பிறகு, தூய வளர்ப்பாக எடுத்த அந்தத் திரிபு ஃப்ரீசரில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்பது மின்வெட்டைப் பொறுத்தது.

அடையாளம் காண்பது என்றால் என்ன? கிறிஸ்டியன் கிராம் 1884இல் தந்த சாயமேற்றும் முறை இன்றும் முதல் கேள்வி. அதன்பின் எந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கிறது, எவ்வளவு உப்பைத் தாங்குகிறது, எந்த வெப்பத்தில் வளர்கிறது என்று நீளும் சோதனைகள். இருபதாம் நூற்றாண்டின் முக்கால் பங்கு வரை வகைப்பாடு இதை வைத்தே நடந்தது. ஆனால் பாக்டீரியா மரபணுக்களை அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்கும் பழக்கம் உடையது. இன்று ஒரு சர்க்கரையைச் செரிப்பது பரம்பரைச் சொத்தாக இருக்கலாம், நேற்று வந்த இரவலாகவும் இருக்கலாம். 1977இல் கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோமின் 16எஸ் ஆர்.என்.ஏ.யை வைத்து வம்சாவளி வரையலாம் என்று காட்டியபோதுதான் உறுதியான தடம் கிடைத்தது. அந்தக் கணக்கில்தான் ஆர்க்கியா என்ற தனி உலகமே பிரிந்து வந்தது.

16எஸ் மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, மெதுவாக மாறும், படிப்பது மலிவு. 1994இல் 97 விழுக்காட்டுக்குக் கீழே ஒற்றுமை இருந்தால் வேறு இனம் என்று கோடு கிழித்தார்கள். பிறகு அது 98.7 ஆக உயர்ந்தது. 2014 கணக்கில் 98.65. அதாவது 1,500இல் இருபது எழுத்து மாறியிருந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன். 16எஸ் முற்றிலும் ஒத்துப்போயும் வெவ்வேறு இனமாக நிற்பவை உண்டு. குறிப்பாக பேசில்லஸ், விப்ரியோ குடும்பங்களில் இந்த மரபணு பக்கத்து உறவினரைப் பிரித்துக் காட்டத் தடுமாறுகிறது. நம் தட்டுகளில் அதிகம் முளைப்பவை அவையே என்பது கூடுதல் தொல்லை. ஆகவே '99 விழுக்காடு ஒற்றுமை, எனவே இன்ன இனம்' என்பதும் '97 விழுக்காடு, எனவே புதிய இனம்' என்பதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள்.

அவசரம் இல்லாமல் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு முன்மாதிரி வெகுதூரத்தில் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கடலோரமாகவே போனால் பிச்சாவரம். அங்கே கண்டல் விளிம்பில், அலை நனைக்கும் இடத்தில், ஒரு காட்டுநெல் வளர்கிறது: போர்டெரேசியா கொஆர்க்டேட்டா. நாம் உண்ணும் நெல்லின் உறவு. உப்பை இலை வழியே வெளியேற்றிவிட்டு உப்பு நீரில் நிற்கும் புல். சென்னை தரமணியில் 1988இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இதில் அக்கறை இருந்தது இயல்பு. உவர்நிலத்தில் விளையும் நெல்லைத் தேடியவர்கள் அவர்கள். செடி உப்பைத் தாங்குவது ஒரு கேள்வி. எரு இல்லாத அந்தச் சேற்றில் அதற்கு நைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி.

அந்த நிறுவனத்தின் பி. லோகநாதனும் சுதா நாயரும் இரண்டாம் கேள்வியோடு போனார்கள். கையிலெடுத்த ஊடகம் எல்.ஜி.ஐ.; பிரேசிலில் ஜோஹன்னா டாபெரைனர் குழுவினர் கரும்புக்குள் வாழும் நைட்ரஜன் நிலைப்படுத்தியைப் பிடிக்கப் பயன்படுத்தியது. அதில் நைட்ரஜன் கிடையாது, அமிலத்தன்மை அளவு (பி.எச்.) 5.5, அகார் மிகக் கொஞ்சம். இறுகாமல் குழைவாக நிற்கும் அந்தக் குழாயில், காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கத் தெரிந்த உயிர் மட்டுமே வளரும். அதற்கான நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அது மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே தனக்குத் தோதான ஆழத்தில் மெல்லிய படலமாகக் கூடும். வேர், தண்டு, வேரோர மண் ஆகியவற்றிலிருந்து இப்படி ஒன்பது திரிபுகள் கிடைத்தன. பார்த்தால் அசிட்டிக் அமில பாக்டீரியாக் குடும்பம்! பழச்சாற்றைப் புளிக்க வைத்துக் காடியாக்கும் கூட்டத்தின் உறவினர், 3 விழுக்காடு உப்பைத் தாங்கிக்கொண்டு கண்டல் சேற்றில். அசாயா, கொசாக்கியா, அசிட்டோபாக்டர் முதலான அண்டைப் பேரினங்களோடு ஒப்பிட்டு, கொழுப்பமிலம் பார்த்து, டி.என்.ஏ. கலப்பினச் சோதனை செய்து, 2004இல் ஸ்வாமிநாதானியா சாலிடாலரன்ஸ் என்ற புதிய பேரினமாகவும் புதிய இனமாகவும் அறிவித்தார்கள். அதன் மூலத் திரிபு, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான உயிருள்ள வளர்ப்பு, பெல்ஜியத்திலும் சண்டிகரிலும் உள்ள சேகரங்களில் எண்ணோடு இருக்கிறது.

அதே நிறுவனத்தில் அதே காட்டுநெல்லின் வேரைத் தொடர்ந்து பார்த்தவர் என். ரமேஷ்குமார். 2007இல் விப்ரியோ ரைசோஸ்பியரே வந்தது: சிவப்பு நிறமி உடையது, பயிர்நோய் பாக்டீரியாக்களை அடக்குவது. விப்ரியோ என்றாலே காலராவை நினைப்பவர்களுக்கு இது நல்ல மறுப்பு. 2008இல் விப்ரியோ போர்டெரேசியே. 2010இல் விப்ரியோ மாங்ரோவி, கூடவே இன்னொரு முழுப் பேரினம், மாங்ரோவிபாக்டர் பிளாண்டிஸ்பான்சர். ஆறேழு ஆண்டுகளில் ஒரே செடியின் வேரடியிலிருந்து இரண்டு பேரினங்களும் மூன்று விப்ரியோக்களும். பரந்த காட்டை அலசியதால் கிடைத்த அறுவடை இல்லை இது. ஒரே இடம், ஒரே செடி, ஒரே கேள்வி, அதற்கேற்ற ஊடகம் என்று நின்றதால் கிடைத்தது. முட்டுக்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் செய்ய வேண்டியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நூறு காலனிகளை அள்ளுவதைவிட, வெண்கண்டலின் மூச்சுவேரைச் சுற்றியுள்ள மண்ணில் யார் கந்தகம் உண்கிறார்கள் என்று ஒரே கேள்வியோடு மூன்று பருவம் நிற்பது பலன் தரும்.

இந்தியாவின் பிற கண்டல்களிலும் இதே பாடம். ஹைதராபாத்தில் ச. சசிகலா, ச.வெ. ரமணா குழுவினர் ஒளிச்சேர்க்கை பாக்டீரியாவை மட்டும் தேடினார்கள். கோவாக் கண்டல் மண்ணில் மாரிக்ரோமேடியம் இண்டிகம், ஒடிசாவின் பிதர்கனிகாவில் தயோஃபியோகாக்கஸ் மாங்ரோவி கிடைத்தன. சுந்தரவனத்திலிருந்து 2017இல் ஸ்ட்ரெப்டோமைசிஸ் யூரிஹாலினஸ்.

இனி, இனம் என்று ஏற்கப்படுவதற்கு வேண்டிய சான்றுகள். 1987இல் வகுத்த விதிப்படி இரண்டு திரிபுகளின் டி.என்.ஏ. 70 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ஒரே இனம். அந்தச் சோதனை கடினமானது, ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறும். முழு மரபணுத் தொகுதியைப் படிப்பது மலிந்ததும், இரண்டு தொகுதிகளின் சராசரி ஒற்றுமை 95-96 விழுக்காட்டுக்குக் கீழே போனால் வேறு இனம் என்ற அளவுகோல் அதன் இடத்தைப் பிடித்தது. கணினியில் செய்வது, எண்களை யாரும் சரிபார்க்கலாம். 2018க்குப் பிறகு மரபணுத் தொகுதி இல்லாமல் புதிய இனம் அறிவிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அதோடு செல்சுவரின் அமினோ அமிலம், குயினோன் வகை, கொழுப்பமிலங்களின் விகிதம், முனைவுக் கொழுப்புகள் ஆகியவற்றையும் காட்ட வேண்டும். கடைசியில் சொன்ன இந்த வேதிச் சோதனைகள் தேவையா என்று துறைக்குள்ளேயே சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால், உப்பேறி இறங்கும் கழியில் வாழும் உயிருக்குச் செல்சவ்வின் கொழுப்பு எப்படி என்பது வகைப்பாட்டைத் தாண்டியும் அறிய வேண்டியதே.

மரபணுத் தொகுதிகள் பெருகியதில் பழைய வீடுகளும் இடிந்தன. குப்பைக்கூடை போல எதையும் போட்டு வைத்திருந்த பேசில்லஸ் பேரினத்தை 2020இல் கனடாவின் ராதே குப்தா குழுவினர் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். எல்லாக் கல்லூரிப் பாடத்திலும் வரும் பேசில்லஸ் மெகாடீரியம் பிரீஸ்டியா மெகாடீரியம் ஆனது. ஹைதராபாத்திலிருந்து வானில் அனுப்பிய பலூன் வழியே மேல்வளிமண்டலத்தில் பிடித்து 2009இல் ஆரியபட்டர் பெயர் சூட்டிய பேசில்லஸ் ஆரியபட்டையும் அதே பிரீஸ்டியாவுக்குள் போனது. கண்டல் படிவில் கண்டு 2017இல் இந்திய ஆய்வாளர்கள் பெயரிட்ட பேசில்லஸ் மாங்ரோவி இன்று மெட்டாபேசில்லஸ் மாங்ரோவி. 2021இல் பெருந்தொகுதிகளின் பெயர்களே மாறின; புரோட்டியோபாக்டீரியா சூடோமோனடோட்டா ஆயிற்று, ஃபிர்மிக்யூட்ஸ் பேசில்லோட்டா. நம் கடற்கரை பற்றிய பழைய கட்டுரைகளில் 'பேசில்லஸ்' என்று எழுதியிருப்பதை இனி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மரபணு வரிசையைச் சேமித்து வைத்தவர்களின் வேலை தப்பித்தது. பெயரை மட்டும் எழுதியவர்களின் வேலை வீண்.

பெயருக்கு வருவோம். பாக்டீரியாப் பெயர்களுக்குக் கணக்கு 1980 ஜனவரி 1ஆம் தேதி புதிதாகத் தொடங்கியது. அதற்கு முன் குவிந்திருந்த பல்லாயிரம் பெயர்களில் இரண்டாயிரத்துச் சொச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிட்டார்கள். தாவரத்துக்கு உலர்ந்த மாதிரி போதும்; பாக்டீரியாவுக்கு உயிருள்ள மூலத் திரிபு வேண்டும். 2001 முதல் அதை இரண்டு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரண்டு சேகரங்களில் ஒப்படைக்க வேண்டும், கேட்பவர் யாருக்கும் கிடைக்க வேண்டும். அணுகக் கட்டுப்பாடு உள்ள திரிபு மூலத் திரிபாக நிற்க முடியாது.

இந்த இடத்தில்தான் இந்தியச் சட்டம் குறுக்கிடுகிறது. 1992 உயிர்ப்பன்மை உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்த 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்மைச் சட்டம், நம் உயிர்வளத்தை வெளிநாட்டார் எடுப்பதற்குத் தேசிய உயிர்ப்பன்மை ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்கிறது. புதிதாகக் கண்ட எந்த உயிரினத்தையும் நியமிக்கப்பட்ட காப்பகத்துக்கு அறிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் 39ஆம் பிரிவு. நுண்ணுயிருக்கு அத்தகைய காப்பகங்களில் முதன்மையானது சண்டிகரில் 1986இல் தொடங்கிய எம்.டி.சி.சி.; புணேயில் தேசிய நுண்ணுயிர் வள மையம் உண்டு. ஆணையத்தின் தலைமையகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. காட்டுநெல் பாக்டீரியாக்களுக்குப் பெயரிட்ட நிறுவனமும் அதே வட்டாரம்தான். ஒரு பக்கம் 'கட்டுப்பாடின்றி இரு நாடுகளில் வை' என்னும் பெயரிடல் விதி, மறுபக்கம் 'அனுமதியின்றி வெளியே தராதே' என்னும் சட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் இந்திய ஆய்வாளர்கள் முன்வைத்த பெயர்கள் சில, அச்சில் வந்தும் முறைப்படியான பட்டியலில் ஏறாமல் நின்றன.

நியாயம் இரு பக்கமும் இருக்கிறது. நம் மண்ணின் நுண்ணுயிரை எடுத்துப் போய்க் காப்புரிமை பெற்று நமக்கே விற்பார்கள் என்ற அச்சம் கற்பனை இல்லை. மஞ்சளும் வேம்பும் அந்த வழக்குகளைப் பார்த்தவைதான். ஆனால் ஒரு பாக்டீரியாவைப் பெயரில்லாமல் ஃப்ரீசரில் பூட்டிவைப்பதால் அதன்மேல் நமக்கு உரிமை கூடிவிடாது. பெயரும் இடமும் தேதியும் பதிவானால்தான் இது செங்கல்பட்டுக் கழியிலிருந்து போனது என்று பிற்பாடு வாதிடவே முடியும். 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. வகைப்பாட்டு ஒப்படைப்புக்கு விரைவான, தனியான வழி ஒன்று நடைமுறையில் எவ்வளவு எளிதாகிறது என்பதைப் பொறுத்தே அந்தத் திருத்தத்தின் பயன்.

வளர்க்கவே முடியாதவற்றை என்ன செய்வது? கரீபியன் தீவான குவாதலூப்பின் கண்டல் நீரில் மூழ்கிக் கிடந்த இலைகளில் வெள்ளை இழைகளாகத் தொங்கியதை ஒலிவியே க்ரோ 2009இல் கண்டார். பல ஆண்டுகளுக்குப் பின்தான் அது ஒற்றைச் செல் பாக்டீரியா என்பது உறுதியாகி 2022இல் வெளியானது: தயோமார்கரிட்டா மாக்னிஃபிகா. சராசரி நீளம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், சில இரண்டு சென்டிமீட்டர் வரை. கண்ணுக்குத் தெரியாததே பாக்டீரியா என்ற பாடநூல் வரியை மாற்றிய உயிர். உலகமே அறிந்த அதற்கும் முறையான பெயர் இல்லை. ஆய்வகத்தில் தூய வளர்ப்பாக வளராததால் 'கேண்டிடேட்டஸ்' என்ற முன்னொட்டோடு வேட்பாளர் வரிசையில் நிற்கிறது.

மரபணு வரிசையையே மூலமாதிரியாக ஏற்கலாம் என்ற முன்மொழிவை, பாக்டீரியாப் பெயர்களுக்கான சர்வதேசக் குழு 2020இல் நிராகரித்தது. விடாப்பிடியாக நின்றவர்கள் 2022இல் சீக்கோடு என்ற தனி விதித்தொகுப்பையே உண்டாக்கிவிட்டார்கள். இப்போது இரண்டு பதிவேடுகள். சேற்றிலிருந்து டி.என்.ஏ.யை மொத்தமாகப் பிரித்து வரிசைப்படுத்தி, கணினியில் துண்டுகளை இணைத்து, கண்ணால் பார்க்காத உயிருக்குப் பெயர் வைக்கலாம். சல்பேட் ஒடுக்கிகளும் இன்னும் ஆழத்தில் உள்ள ஆர்க்கியாக்களும் நம் கழிகளில் உண்டு. அவற்றை அறிய இதைவிட்டால் வேறு வழி இப்போதைக்குக் குறைவு. ஆனால் எனக்கொரு தயக்கம் உண்டு. பொதுத் தளத்தில் போட்ட வரிசையை எடுத்து எந்த நாட்டிலும் உட்கார்ந்துகொண்டு எவரும் பெயரிடலாம். முட்டுக்காட்டில் கால் நனைக்கவே வேண்டாம். பெரிய கணினி உள்ளவர் பெயரிடுவார், சேற்றை அள்ளியவர் நன்றியுரையில் வருவார். உயிருள்ள திரிபு ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் அது எந்த உப்பில் வளர்கிறது, யாரைக் கொல்கிறது, எதைச் செரிக்கிறது என்று சோதித்துச் சொல்ல முடியும்.

கல்பாக்கத்திலேயே இன்னொரு வகை ஆய்வு பல ஆண்டுகளாக நடக்கிறது. 1983இல் இயங்கத் தொடங்கிய சென்னை அணுமின் நிலையம் கடல்நீரால் குளிர்விக்கப்படுகிறது. நீர் போகும் பரப்பிலெல்லாம் முதலில் பாக்டீரியாப் படலம், பிறகு சிப்பியும் கொட்டலசும் ஒட்டுகின்றன. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கல்பாக்கப் பிரிவு அந்தப் படலத்தைப் படிப்பது பெயர் வைக்க இல்லை, குளோரின் எவ்வளவு போட்டால் போகும் என்று பார்க்க. முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்தின் சோதனை நிலையம் விப்ரியோக்களைப் பார்ப்பது இறால் சாகாமல் இருக்க. காட்டாங்கொளத்தூர், வண்டலூர்ப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் பார்ப்பது மருந்துக்காக. ஒரே நீர்ச் சரடின் மீது இத்தனை கண்கள் இருந்தும், ஒருவரிடம் உள்ள திரிபு அடுத்தவருக்குத் தெரியும்படி பொதுப்பட்டியல் வைப்பதற்குப் பெரிய பணம் வேண்டாம்.

அப்படி ஒன்று தொடங்கினால் முதலில் தீர்க்க வேண்டியது மாதிரி எடுக்கும் அட்டவணை. ஐப்பசியில் முகத்துவாரம் உடைவதற்கு முன், உடைந்த பின், தை மாதம் நீர் தெளிந்தபோது, சித்திரையில் உப்பு உச்சத்தில் என்று ஒரே இடத்தில் குறைந்தது நான்கு முறை. ஒவ்வொரு முறையும் மேல்விளிம்பு, வேரடி, கறுஞ்சேறு என மூன்று ஆழம். பழைய மகாபலிபுரம் சாலையோரக் குடியிருப்புகளின் கழிவுநீர் கால்வாயில் கலக்கும் இடங்களுக்குத் தனிக் குறியீடு வேண்டும். அங்கே முளைப்பது கழியின் குடிமக்களா, வீட்டுச் சாக்கடை வழியே வந்த விருந்தாளிகளா என்று பிரித்தறியாமல் அறிவிக்கும் புதுமை எதுவும் நிற்காது. தட்டில் பரப்புவதற்கு முன்பே சேற்றில் ஒரு பகுதியைக் கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிட்டால், பத்தாண்டு கழித்து வரும் ஊடகத்துக்கும் கருவிக்கும் அதே மாதிரி பயன்படும். கறுஞ்சேற்றை மட்டும் குழாயில் விளிம்பு வரை நிரப்பி, காற்றுக்கு இடமின்றி மூடிக் கொண்டுவர வேண்டும். திறந்த பையில் வந்து சேரும்போது அதில் தேடவேண்டியவை பாதி வழியிலேயே செத்திருக்கும்.